பணம் போகிறது, டிக்கெட் வருவதில்லை: கேட்டால் யார் பதில் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் கோவை வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. குன்னூரில் வார இறுதியில் நடந்த இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு வெப்சைட்டில் டிக்கெட் எடுத்திருக்கிறார். யுபிஐயில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. வெப்சைட்டில் இருந்த மெயில் முகவரிக்கு எழுதினால், 'உங்கள் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு தானியங்கிப் பதில் மட்டும் வந்திருக்கிறது. குடும்பத்தோடு பர்லியாறு வழியாக மலை ஏறி வந்து, வாசலில் நின்று பேசிப் பார்த்து, கடைசியில் மறுபடியும் காசு கொடுத்து உள்ளே போயிருக்கிறார். இந்த ஆன்லைன் டிக்கெட் முறையையே மலையில் தடை செய்ய வேண்டும் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவர் கோபம் முழுக்க நியாயமானது. தடை செய்யச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வெப்சைட்டில் நிகழ்ச்சி நாள்காட்டி வைக்கவும் டிக்கெட் விற்கவும் உதவும் ப்ளகின்களை, அதாவது வெப்சைட்டோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்களை, விற்கிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். நிகழ்ச்சி நடத்துபவர்கள் எழுதும் புகார்களைப் படித்துப் பதில் சொல்வதுதான் காலை முதல் மாலை வரை என் வேலை. அந்த வாசகருக்கு நடந்தது போன்றவை தினமும் என் திரையில் வருகின்றன. ஏன் இப்படி நடக்கிறது, யார் எதைச் செய்திருந்தால் நடந்திருக்காது என்று உள்ளே இருந்து பார்ப்பவள் சொன்னால் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போனில் டிக்கெட் எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பொத்தானை அழுத்துகிறீர்கள். யுபிஐ செயலி திறக்கிறது. பின் நம்பர் போடுகிறீர்கள், பச்சை நிறத்தில் டிக் வருகிறது. பலரும் அதோடு போனைப் பையில் போட்டுவிடுவார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அந்த வெப்சைட்டைப் பொறுத்தவரை நீங்கள் திரும்பி வரவே இல்லை. இதற்காகத்தான், பணத்தை வாங்கி விற்பவரிடம் சேர்க்கும் இடைச் சேவையான பேமென்ட் கேட்வே, 'இந்த ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டது' என்று வெப்சைட்டுக்குப் பின்வழியாகத் தனியே ஒரு தகவல் அனுப்பும். வெப்ஹுக் என்று சொல்வோம். அந்தத் தகவலை வெப்சைட்டில் இருக்கும் பாதுகாப்பு ப்ளகின் அந்நியன் என்று நினைத்துத் தடுத்துவிட்டாலோ, கேட்வேயில் போட்ட ரகசியச் சாவியும் வெப்சைட்டில் போட்ட சாவியும் பொருந்தாமல் போனாலோ, ஆர்டர் நிலுவையிலேயே நிற்கும். உங்கள் கணக்கில் பணம் கழிந்திருக்கும். கேட்வேயில் பணம் வந்ததாகப் பதிவு இருக்கும். டிக்கெட் மட்டும் உருவாகியே இருக்காது.

இங்கே வாசகர்கள் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். யுபிஐயில் பணம் கழிந்து, அது வந்து சேர்ந்ததாக விற்பவருக்கு உறுதியே வரவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் பணம் விற்பவர் பக்கம் நல்லபடியாகச் சேர்ந்து, வெப்சைட் மட்டும் டிக்கெட் போடாமல் விட்டால், அது வங்கியின் கணக்கில் வெற்றிகரமான பரிமாற்றம்தான். வங்கிக்குப் போன் செய்து பயன் இல்லை. அப்போது கையில் இருக்க வேண்டியது யுபிஐ செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிமாற்ற எண். நிகழ்ச்சி நடத்துபவர் அந்த எண்ணைக் கேட்வே கணக்கில் போட்டுத் தேடினால் நொடியில் தெரிந்துவிடும். நிலுவையில் நிற்கும் ஆர்டரை அவரே கையால் 'முடிந்தது' என்று மாற்றினால், பெரும்பாலான ப்ளகின்களில் டிக்கெட் உடனே மெயிலில் போய்விடும். இவ்வளவுதான் வேலை. கோவை வாசகர் வாசலில் நின்றபோது அந்த எண்ணை வாங்கிப் பார்க்க அங்கே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும், மறுபடி காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. டிக்கெட் வரவில்லை என்று வரும் புகார்களில் நிறைய, டிக்கெட் ஸ்பேமில் கிடப்பதாகத்தான் முடிகின்றன. வெப்சைட் இருக்கும் சர்வரே நேரடியாக அனுப்பும் மெயிலை ஜிமெயில் எளிதில் நம்புவதில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், யாஹூ இரண்டும் விதிகளை இன்னும் இறுக்கிவிட்டன. அனுப்புபவர் தன் டொமைனில், அதாவது வெப்சைட்டின் பெயரில், எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற அடையாளப் பதிவுகளில் ஒன்றையாவது செய்திருக்க வேண்டும். வெப்சைட் செய்து கொடுப்பவருக்கு அரை மணி நேர வேலை. செய்யாமல் விட்டால், டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும் ஸ்பேமைத் துழாவ வேண்டியிருக்கும்.

சரி, புகார் யாரிடம் போகிறது?

நிகழ்ச்சி நடத்துபவர் ஒருவர். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் கோவையிலோ திருப்பூரிலோ இருக்கும் இன்னொருவர். வெப்சைட் பெரும்பாலும் வேர்ட்பிரஸில் இருக்கும். 2003-ல் வந்த இலவச மென்பொருள் அது. இன்று உலகத்தில் உள்ள வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அதன் மேல் நிகழ்ச்சி நாள்காட்டிக்கு ஒரு ப்ளகின், டிக்கெட்டுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. தோற்றத்துக்கு ஒரு தீம். வெப்சைட்டுக்குச் சர்வரில் இடம் கொடுப்பது ஒரு ஹோஸ்டிங் நிறுவனம். பணத்துக்கு ஒரு கேட்வே. ஏதாவது நின்றுபோனால் நடத்துபவர் ப்ளகின் சப்போர்ட்டுக்கு எழுதுவார். அங்கே, 'இது கேட்வே பிரச்சினை போல் தெரிகிறது' என்பார்கள். கேட்வேயில் கேட்டால், 'நாங்கள் தகவல் அனுப்பிவிட்டோம், உங்கள் ஹோஸ்டிங்கைக் கேளுங்கள்' என்பார்கள். ஹோஸ்டிங்கில், 'சர்வர் நன்றாக இருக்கிறது, ப்ளகினைப் பாருங்கள்' என்பார்கள். சொல்வது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கும். நடத்துபவர் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

எங்கள் தாத்தா 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர், அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு காகிதத்தில் முத்திரை வாங்க, இந்த மேசை அந்த மேசை என்று அலைந்த கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனாலோ என்னவோ, 'இது எங்கள் பிரிவு இல்லை' என்று எழுதி ஒரு புகாரை மூடுவதற்கு எனக்குக் கை வராது.

ஆகவே என் கருத்து இது. கேள்வியை முதலில் வாங்கியவர் யாரோ, அவர் அது தீரும் வரை கையை விட்டு விடக் கூடாது. கோளாறு தன்னுடையது இல்லை என்றாலும், எங்கே இருக்கிறது என்பதற்குச் சான்றைக் காட்டி, அடுத்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வாக்கியமாகவே எழுதிக் கொடுத்து, என்ன ஆயிற்று என்று பிறகு விசாரிக்க வேண்டும். 'ஹோஸ்டிங்கைக் கேளுங்கள்' என்று சொல்வது சப்போர்ட் ஆகாது. 'வெள்ளிக்கிழமை மாலை 6.42-க்குக் கேட்வே அனுப்பிய தகவலை உங்கள் சர்வர் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பி அனுப்பியிருக்கிறது, இந்த வரியை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு அப்படியே அனுப்புங்கள்' என்று சொல்வதுதான் சப்போர்ட். இரண்டாவது மாதிரிப் பதில் எழுதக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைத் தர மறுத்து, ஒரு நாளைக்கு எத்தனை புகாரை மூடினாய் என்று மட்டும் எண்ணும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அளவுகோலை வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் எல்லோரும் முதலில் அனுப்பும் ஒரு பதில் இருக்கிறது. மற்ற ப்ளகின்களை எல்லாம் அணைத்துவிட்டு, தோற்றத்தையும் வேர்ட்பிரஸின் சொந்தத் தீமுக்கு மாற்றிவிட்டு, பிரச்சினை இருக்கிறதா என்று பாருங்கள் என்பது. கோளாறைக் கண்டுபிடிக்க நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் விற்றுக்கொண்டிருப்பவரிடம் இதைச் சொன்னால், அவர் கடையை மூடச் சொல்வதாகத்தான் அர்த்தம். வெப்சைட்டைப் பார்க்க வருபவர்களுக்கு எதுவும் மாறாமல், உள்ளே நுழைந்திருக்கும் நிர்வாகிக்கு மட்டும் எல்லாம் அணைந்ததாகக் காட்டும் இலவச ப்ளகின் வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது. ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்று பெயர். அதைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுத எந்த நிறுவனத்துக்கும் செலவில்லை.

டிக்கெட் வாங்கியவர்கள் சிலர் பக்கத்தின் அடியில் இருக்கும் ப்ளகின் நிறுவனப் பெயரைப் பார்த்து நேராக எங்களுக்கே எழுதிவிடுவார்கள். ப்ளகின் ஓடுவது நடத்துபவரின் வெப்சைட்டில். வாங்கியவர் பெயரோ ஆர்டரோ எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்களுக்கு முதல் பதில் சொல்ல வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துபவர்தான். வெப்சைட்டில் ஒரு மெயில் முகவரி மட்டும் போட்டுவிட்டு அதை யாரும் திறந்து பார்க்காமல் விடுவதற்குப் பதில், நிகழ்ச்சி நாளன்று எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பரை டிக்கெட் மெயிலின் முதல் வரியிலேயே போட வேண்டும். புகாருக்குப் பதில் சொல்வது, தொழிலாக ஆன்லைனில் விற்பவர்களுக்குச் சட்டப்படியும் கடமைதான். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இப்படி யாரும் பதில் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம்.

இனி நேரம். வெப்சைட்டை வேர்ட்பிரஸில் புதிதாகத் தொடங்கும்போது கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. இதை மாற்றாமல் நிகழ்ச்சியை மாலை 6 மணி என்று போட்டால், பக்கத்தில் 6 மணி என்றே தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வாங்கியவர் 'என் காலண்டரில் சேர்' என்பதை அழுத்தினால், அவர் போனில் இரவு 11.30 என்று ஏறும். உதகையில் ஒரு விடுதிக்காரருக்கு இதுதான் நடந்தது. வெளியூர் விருந்தினர்கள், நிகழ்ச்சி இரவு எப்போது என்று போன் மேல் போன். அவர் எங்களுக்கு எழுதியபோது, கேச் நினைவகத்தை, அதாவது பக்கங்களின் சேமித்த நகல்களை, அழித்துப் பாருங்கள் என்ற தயார்ப் பதில்தான் முதலில் போயிருக்கிறது. மறுநாள் அது என் பார்வைக்கு வந்தது. ஐந்தரை மணி வித்தியாசம் என்றதும் இந்தியாவில் இருக்கும் எவருக்கும் காரணம் புரிந்துவிடும். அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குப் போய் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வைக்க வேண்டும். பட்டியலில் சென்னை என்று தேடி, இல்லை என்றதும் அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நாள்காட்டி ப்ளகின்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் அதன் நேர மண்டலத்தைத் தனியே சேமித்து வைக்கும். பொது அமைப்பை மாற்றினாலும் ஏற்கெனவே போட்ட நிகழ்ச்சிகள் மாறாது, ஒவ்வொன்றையும் திறந்து மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் 'சரி செய்துவிட்டோம்' என்று புகாரை மூடினால் அவர் அடுத்த வாரம் மறுபடி எழுதுவார்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது வார இறுதியைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் நிறுவனம் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குச் சப்போர்ட்டை மூடினால், அங்கே கோடை நேரம் நடக்கும் மாதங்களில் நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை 5.30. அவர்கள் திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும்போது நமக்குத் திங்கள் இரவு 9.30. மலையில் நிகழ்ச்சிகள் நடப்பதே இந்த இடைவெளிக்குள்தான். மே மாத சீசனாக இருந்தாலும், செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனாக இருந்தாலும், மேலே ஆள் வருவது சனி, ஞாயிறில்தான். உலகம் முழுக்க நிகழ்ச்சி என்றாலே வார இறுதிதான். நிகழ்ச்சிக்கான மென்பொருளை விற்றுவிட்டு வார இறுதியில் சப்போர்ட்டை மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் நிறுவனத்தில் இதைச் சொல்லி, சனிக்கிழமை வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், செவ்வாய்க்கிழமை விடுப்பு. சனிக்கிழமை காலையில் வருபவை முக்கால்வாசி சின்ன விஷயங்கள்தான். வாசலில் க்யூஆர் கோடு படிக்கும் செயலி உள்ளே விடவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது, ஒரு டிக்கெட்டை அண்ணன் பெயரிலிருந்து தம்பி பெயருக்கு மாற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிவதை மூன்று நாள் காக்க வைத்தால் அதற்குள் நிகழ்ச்சியே முடிந்துவிடுகிறது.

லைசென்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணம் கட்டி வாங்கும் ப்ளகின்களுக்குப் பொதுவாக ஒரு வருட லைசென்ஸ். வருடம் முடிந்தாலும் பெரும்பாலான ப்ளகின்கள் ஓடும், ஆனால் அப்டேட்டும் சப்போர்ட்டும் நின்றுவிடும். நம்மூரில் வெப்சைட் செய்து கொடுப்பவர் தன் மெயில் முகவரியில் தன் லைசென்ஸைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். நடத்துபவருக்கு அது தெரியாது. பிரச்சினை வந்து எங்களுக்கு எழுதும்போது, லைசென்ஸ் கீ கேட்டால் விழிப்பார். செய்து கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார். அடுத்தது, 2021 அக்டோபர் முதல் கார்டிலிருந்து தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் அனுமதி முறையைக் கட்டாயமாக்கியது. நம் பாதுகாப்புக்கான நல்ல விதிதான். ஆனால் அதற்கு ஏற்றபடி தயாராகாத வெளிநாட்டு நிறுவனங்களின் ஆண்டுப் புதுப்பிப்பு நம் கார்டில் தோற்றுப்போகும். தோற்றுப்போனதாக வரும் மெயிலும் அந்த வெப்சைட் செய்தவருக்கே போகும். ஆகவே வெப்சைட் செய்து வாங்குபவர்கள் எல்லோரும் லைசென்ஸைத் தங்கள் பெயரில், தங்கள் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனங்களும், லைசென்ஸ் முடிந்தவர் என்பதற்காக, பணம் கட்டிக் காத்திருக்கும் டிக்கெட் வாங்கியவர்களைத் தவிக்க விடக் கூடாது. முதல் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லிவிட்டு அப்புறம் புதுப்பிக்கச் சொல்லலாம்.

இப்போது எனக்கு மிகவும் மனசில் தைக்கும் விஷயம். எங்கள் ஊர்ப் பக்கம் சில இளைஞர்கள் பறவை பார்க்கும் நடைப்பயணம் நடத்துகிறார்கள். சின்னக் குழு, சிலருக்கு மட்டுமே இடம். டிக்கெட்டைத் தமிழில் போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. திரையில் எல்லாம் அழகாக இருந்தது. பிடிஎஃப் டிக்கெட்டைத் திறந்தால் எழுத்து சிதறிக் கிடக்கிறது. 'கோத்தகிரி' என்பதில் ககரம் முதலில் நிற்கிறது, அதற்கு முன்னால் வர வேண்டிய இரட்டைச் சுழிக் கொம்பு பின்னால் போய், துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சில இடங்களில் வெறும் கட்டங்கள். அவர்கள் வேறொரு நிறுவனத்தின் ப்ளகினைப் பயன்படுத்தினார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தச் சப்போர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'எங்கள் பக்கம் பார்த்தோம், தமிழ் எழுத்து சரியாகத்தான் தெரிகிறது' என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை எழுதியவர் பொய் சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு, கொம்பு முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஒன்றுதான்.

காரணம் இதுதான். பிடிஎஃப் உருவாக்கும் நிரல்களில் சில, எழுத்துகளைக் கணினியில் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து, 'கோ' என்றால் இரு பக்கமும் பிரித்து வைத்து வரைய வேண்டும். அந்த வேலை தெரிந்த நிரல்களும் இருக்கின்றன, எம்பிடிஎஃப் அப்படி ஒன்று. தமிழ் எழுத்துரு சேர்த்து நிரலை மாற்றினால் முடிந்தது. பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நான் அந்த இளைஞர்களுக்கு இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்று சிவப்பில் வட்டம் போட்டு, மொழி தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதுவரை பிடிஎஃப் வேண்டாம், டிக்கெட்டை மெயிலுக்குள்ளேயே எழுத்தாக அனுப்புங்கள் என்றேன். மெயிலில் தமிழ் சரியாகத் தெரிகிறது.

பெயர்ப் பட்டியலிலும் இதே கதைதான். வந்தவர்கள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்ஸெலில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக மாறிவிடுகின்றன. எக்ஸெலில் தரவு என்ற பகுதி வழியாக உள்ளே எடுத்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். இதைச் சொல்வது ஏன் என்றால், மலையில் அந்தப் பட்டியல் காகிதத்தில் இருப்பது அவசியம். க்யூஆர் படிக்கும் செயலிகள் பலவற்றுக்கு நெட் வேண்டும். கோடநாடு பக்கமோ, கீழ்நோக்கி இறங்கும் எஸ்டேட் சரிவுகளிலோ சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் டவரும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். நடைப்பயணக்காரர்கள் முந்தின இரவே பெயர்ப் பட்டியலை அச்செடுத்துக்கொள்கிறார்கள். க்யூஆர் படிக்கவில்லை என்று எவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

சின்னக் குழுக்களுக்கு வரும் இன்னொரு தொல்லை, இருக்கும் இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றுப்போவது. வெப்சைட் வேகமாகத் திறப்பதற்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச் ப்ளகின் போட்டிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகும் பழைய நகல் 'இன்னும் 2 இடம்' என்று காட்டிக்கொண்டிருக்கும். டிக்கெட் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் அந்தச் சேமிப்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். இதைப் புகார் வந்த பிறகு சொல்வதைவிட, ப்ளகினை நிறுவும்போதே எச்சரித்தால் என்ன?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உரிய ஒன்றையும் சேர்க்கிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. நிகழ்ச்சி டிக்கெட் கையில் இருந்தால் இ-பாஸ் வேண்டாம் என்று நினைத்துக் கல்லாறு சோதனைச் சாவடியில் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். மழையால் தேதி மாறினால் இ-பாஸையும் மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பெரும்பாலான டிக்கெட் ப்ளகின்களில் மெயிலின் வாசகத்தை மாற்றும் வசதி உண்டு. நடத்துபவர்கள் அதில் இ-பாஸ் பற்றி இரண்டு வரியும், அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை என்பதையும் எழுதினால் பாதிக் குழப்பம் குறையும். தேதி மாறும்போது ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் மெயில் போக வேண்டும். பல ப்ளகின்களில் நாள்காட்டியில் தேதியை மாற்றினால் அது தானாகப் போகாது. இது தெரியாமல் தேதியை மட்டும் மாற்றிவிட்டு, எல்லோருக்கும் போயிருக்கும் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

சப்போர்ட்டுக்கு எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'டிக்கெட் வேலை செய்யவில்லை, அவசரம்' என்று மட்டும் எழுதினால், நாங்கள் திரும்பக் கேள்வி கேட்டே ஒரு நாள் போய்விடும். வெப்சைட் முகவரி, ப்ளகினின் பதிப்பு எண், என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, முழுத் திரையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று. இவை இருந்தால் முதல் பதிலிலேயே தீர்வு சொல்ல வாய்ப்பு அதிகம். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள். இன்று எந்த நிறுவனத்திலும் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ள முடியும். உங்கள் நிர்வாகி பாஸ்வேர்டை மட்டும் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யாருக்கும் அனுப்பாதீர்கள், நாங்களே கேட்டாலும். தற்காலிகமாக ஒரு கணக்கை உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இப்போது பல நிறுவனங்களில் முதல் பதிலைச் செயற்கை நுண்ணறிவு சாட்பாட் சொல்கிறது. பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்ற மாதிரிக் கேள்விகளுக்கு அது போதும். ஆனால் மனிதரிடம் பேச வேண்டும் என்ற பொத்தானை ஒளித்து வைப்பது பெரிய அநியாயம். முந்நூறு பேர் வரப்போகும் நிகழ்ச்சியின் வாசலில் நிற்பவருக்கு, உதவிக் கட்டுரையின் இணைப்பை மூன்றாவது முறையாகக் காட்டுவதால் என்ன கிடைக்கும்?

ப்ளகின் விற்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பது இரண்டு. தமிழ்நாட்டில் விற்கிறீர்கள் என்றால், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரையாவது சப்போர்ட்டில் வையுங்கள். உதகை அரசு கலைக் கல்லூரியிலும் குன்னூர், கூடலூர் பக்கக் கல்லூரிகளிலும் படித்துவிட்டு, வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருக்கும் இறங்கிப்போகும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். இது மலையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய வேலை, நான் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்து, சனி, ஞாயிறுக்கு ஆள் போடுங்கள். மே மாத மலர்க் கண்காட்சி தொடங்குவதற்குள் இந்த இரண்டில் ஒன்றைச் செய்தாலும், இந்தக் கோடையில் டிக்கெட் எடுத்து மலை ஏறி வரும் குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.